வாசல் விளாத்தி

மங்களேஸ்வரன் என்னைத் தேடி வந்தது
ஒரு பூட்டுக்காக.
வெள்ளவத்தையில், மீன் கடைக்கு மேல்மாடியில் இருந்து
அந்தியேட்டிக் கல்வெட்டுக்குப் பாட்டு எழுதுகிறவர்.
மகள் புலம்பல் வேறு, மருமகன் புலம்பல் வேறு.
விசா கிடைக்காமல் வராமல் போன மகனின் புலம்பலுக்குக்
கூடுதலாக ஐந்நூறு ரூபாய்.

மாதிரிக்கு இருபது பாட்டு
இணையத்தில் போட்டிருந்தார்.
அதைத்தான் கிள்ளிக்கொண்டு போகிறார்களாம்.
"என்ர மனுசிக்கு எழுதினது, பிள்ளை.
கொட்டாஞ்சேனையில ஆரோ ஒரு லொறி முதலாளிக்கு
மதிலில ஒட்டியிருக்கு."

பூட்டினேன்.
எழுத்தின்மேல் விரலை இழுத்தால் நீலம் படராது.
வலப்பக்கம் சொடுக்கினால் ஒன்றும் திறக்காது.
ஒவ்வொரு அடிக்கும் குறுக்கே
சாம்பல் நிறத்தில் அவர் பெயர்,
யன்னலுக்கு அழி போட்ட மாதிரி.

நாலாம் நாள் தெமட்டகொடையில் ஒரு பனர்.
திரையைப் போனால் படம் பிடித்து,
சாம்பல் பெயரை நீக்கத் தெரியாமல்
அதையும் சேர்த்தே அச்சடித்திருந்தார்கள்.
செத்தவர் படத்துக்குக் கீழே
மங்களேஸ்வரன் மங்களேஸ்வரன் மங்களேஸ்வரன்.
இரண்டு பேர் அவர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்
துக்கம் விசாரிக்க.

"கண்ணுக்குப் போடுற பூட்டு என்னட்டை இல்லை, ஐயா.
வாசிக்க விட்டால்
எடுக்க விட்ட மாதிரித்தான்."
தேத்தண்ணியை ஆறவிட்டு யோசித்தார்.

அதன் பிறகுதான் விளாத்தியை நட்டார்.

வாசல் விளாத்தியும் வாடி நிற்க
வந்தவர் கண்ணெல்லாம் தேடி நிற்க

ஒரே ஒரு பொய், இருபது பாட்டிலும்.
வாசலில் யாரும் விளாத்தி வைப்பதில்லை,
காய் தலையில் விழும்.
களவெடுக்கிறவன் மரத்தோடு எடுப்பான்,
மரத்தோடு பிடிக்கலாம்.

சீ.ஆர். கொப்பி ஒன்றில் கணக்கு வைத்தார்.
புளுமெண்டால் வீதி, ஒன்று.
ஆமர் வீதி, இரண்டு.
மட்டக்குளியில் ஐந்தாம் மாடி வீடு,
மண்ணே இல்லாத வாசலில் ஒரு விளாத்தி.
ஆடி முடியப் பதினான்கு.
கொழும்பில் செத்தவர்களுக்கெல்லாம்
முள்ளோடு கொஞ்சம் நிழல்.
ஒருவரிடமும் காசு கேட்டுப் போகவில்லை.
எனக்குத்தான் இரவில் கோல் எடுப்பார்,
"இன்னொண்டு முளைச்சிருக்கு."

ஆவணியில், என் அலுவலகத்துச் சுகிர்தமலரின் தகப்பனுக்கு
முப்பத்தோராம் நாள், பம்பலப்பிட்டி மண்டபம்.
மங்களேஸ்வரனும் வந்திருந்தார், தூரத்து உறவாம்.
சுகிர்தமலரின் புருசன் மைக் பிடித்து வாசித்தார்.
வாசல் விளாத்தியும்
என்று வந்ததும் நான் தரையைப் பார்த்தேன்.
இவர் சட்டைப்பைக்குள் பேனையைத் தேடினார்.

அவள் எழும்பிவிட்டாள்.
"அந்த மரம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"
புருசனைத்தான் கேட்டாள்.
"முறிகண்டிக்குப் பக்கத்தில இருந்த வீடு.
கரண்ட் கம்பியில முட்டுது, தறியுங்கோ எண்டு
எத்தினை பேர் சொல்லியும் அப்பா விடேல்லை.
நான் உங்களுக்கு ஒருநாளும் சொல்லேல்லையே."
அவர் வாயைத் திறக்கவில்லை.
பத்து வருசத்தில் முதல் தடவையாக
எல்லாருக்கும் முன்னால்
அவர் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

வெளியே காலி வீதியில் மழை பிடித்திருந்தது.
பஸ் தரிப்பிடத்தில் கொப்பியைத் திறந்து
பதினைந்து என்று எழுதினார் மங்களேஸ்வரன்.
இடம் எழுத வேண்டிய பத்தியில்
பேனை கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு ஒரு கோடு, குறுக்கே.
"இது என்ர இல்லை."

பூட்டைக் கழட்டவா என்று கேட்டேன்.
"சீ, காசு குடுத்துப் போட்டது."
நூறாம் நம்பர் வந்தது.
குடையை மடக்காமலே ஏறப் பார்த்து,
கதவில் மாட்டுப்பட்டு,
கொண்டக்டரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு போனார்.